பூட்டிய கோப்பில் பனைச் சொற்கள்

2006-ஆம் ஆண்டு ஆவணி மாதம். பாளையங்கோட்டையில் நான் நடத்திவந்த சிறிய டி.டி.பி. கடைக்கு ஓர் அக்கா வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பதினொரு ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் குண்டு குண்டான எழுத்து: ‘அ முதல் ஈ’, ‘உ முதல் ஓ’, ‘க, கா’, ‘கி முதல் கோ’ என்று வரிசையாகப் போய், கடைசி ஃபிளாப்பியில் ‘ய, வ’ என்று முடிந்தது.

“தம்பி, எங்கப்பா இருபது வருசமாச் சேத்த சொல்லெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் தொறக்க மாட்டேங்கு. நாலு கடையில கேட்டுட்டேன்” என்றார்.

அவருடைய அப்பா உடன்குடிப் பக்கம் தமிழ் வாத்தியாராக இருந்தவர். லீவு நாட்களில் நோட்டும் பேனாவுமாகத் தேரிக்காட்டுக்குள் போய்விடுவாராம். பனையேறிகளோடு உட்கார்ந்து, அவர்கள் வாயில் வரும் சொற்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். பனையின் ஓலைக்கே வயதுக்கு ஒரு பெயர் உண்டு: குருத்தோலை, சாரோலை, காவோலை. காலில் மாட்டும் கயிறு தளைநார். சாய்த்து ஏற உதவும் கட்டை முருக்குத்தடி. பதனீர் காய்ச்சும் குடிசை விடிலி. பனை ஏறுவோர் குறையக் குறைய இந்தச் சொற்களும் குறையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டரும், அன்றைக்கு விற்பனையில் இருந்த ஒரு தமிழ் எழுதுமென்பொருளும் வாங்கி, அறுபது வயதுக்கு மேல் தட்டச்சுப் பழகி, எல்லாவற்றையும் தானே உள்ளிட்டார். உள்ளிட்ட பிறகு மூலையில் அடுக்கி வைத்திருந்த நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. 2003-இல் அவரும் போய்விட்டார்.

கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரரிடம் போட்டபோது, அதன் பின்புறம் பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் மாட்டியிருந்த டாங்கிளும் சேர்ந்து போய்விட்டது. அந்த டாங்கிள் இல்லாமல் மென்பொருள் திறக்காது. விற்ற நிறுவனம் கடையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. மென்பொருளின் மூல டிஸ்க்கும், வாங்கிய பில்லும் மட்டும் அக்காவிடம் பத்திரமாக இருந்தன.

“பாக்கேன் அக்கா, விட்டுட்டுப் போங்க” என்றேன். அடுத்த நான்கு மாத இரவுகள் அதற்கே போயின.

முதல் வேலை, ஃபிளாப்பிகளைக் காப்பாற்றுவது. 3.5 அங்குல ஃபிளாப்பியில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்து 14,74,560 பைட். கடலோரக் காற்றில் இருந்தவை என்பதால் சிலவற்றின் காந்தத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் முனை அழுக்காகி, தகட்டையும் கீறிவிடும். உலோக மூடியை விலக்கி, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்து, நிழலில் ஆறவைத்து, ஒவ்வொன்றையும் லினக்ஸில் முழுப் பிம்பமாக நகலெடுத்தேன். அதன்பின் மூலத்தைத் தொடவே இல்லை. எல்லாச் சோதனையும் நகலில்தான். ஒன்பது முழுசாக வந்தன. ‘ப, பா’ ஃபிளாப்பியில் இரண்டு பிரிவுகள் மட்டும் படிக்கவில்லை. ‘ய, வ’ ஃபிளாப்பி மொத்தமாகச் செத்திருந்தது.

கோப்புகள் கிடைத்தன. அவற்றுக்குள் தமிழ் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

அந்தக் காலத்தில் தமிழைக் கணினியில் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். ஒரு பைட்டுக்கு 256 இடங்கள். அதில் பாதியை ஆங்கிலமும் கட்டளைக் குறிகளும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது 128. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். கிரந்தம் தனி. அதனால் கொம்பு, துணைக்கால், விசிறி என்று எழுத்தைத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில் ஆளுக்கொரு வழி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறிமுறைகளை அறிவித்தது. ஆர்வலர்கள் கூடி டிஸ்கி என்ற ஒன்றை உருவாக்கினார்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் தம் வழியில் போயின. இவை எல்லாவற்றுக்கும் மாற்றிகள் கிடைத்தன. வாத்தியாரின் கோப்பை ஒவ்வொரு மாற்றியிலும் போட்டுப் பார்த்தேன். எதிலும் ஒரு சொல்கூட உருத்திரளவில்லை.

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக இடப்பக்கமும், எழுத்தாக வலப்பக்கமும் காட்டும் கருவி அது. எல்லாக் கோப்பின் அளவும் 512-இன் மடங்காக இருந்தது. எல்லாக் கோப்பின் கடைசிப் பகுதியிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘யு’ வரிசை வரிசையாக நின்றது. முன்பகுதியில் சின்ன எழுத்து ‘யு’, ஏழெட்டு பைட்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு அந்த இரண்டு ‘யு’வையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பெரிய ‘யு’ ஹெக்ஸ் என்ற பதினாறடிமான எண்ணில் 55. சின்ன ‘யு’ 75. கோப்பின் வாலில் காலியிடத்தை நிரப்ப மென்பொருள்கள் பெரும்பாலும் போடுவது சுழியம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் இடைவெளியின் எண் 20. அப்படியானால் சுழியம் 55 ஆகவும், 20 என்பது 75 ஆகவும் மாறியிருக்கிறது. இரண்டையும் ஒரே செயல் மாற்றியிருக்க வேண்டும்.

அது எக்ஸார் என்னும் செயல். இரண்டு பிட்டுகள் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. ஹெக்ஸ் 55 என்பது பிட்டுகளில் 01010101. எந்தப் பைட்டையும் அதனோடு எக்ஸார் செய்தால் ஒன்றுவிட்டு ஒரு பிட் புரளும். மறுபடி செய்தால் பழைய நிலைக்கே திரும்பும். பூட்டும் சாவியும் ஒன்றே. நான்கு வரி நிரல் எழுதி முதல் கோப்பை முழுக்கத் திருப்பினேன். திரையில் குழப்பத்தின் நடுவே சுத்தமான ஆங்கில எழுத்தில் இரண்டு சொற்கள் தெரிந்தன: பொராஸஸ் ஃபிளபெல்லிஃபர். பனையின் தாவரவியல் பெயர். வாத்தியார் முன்னுரையில் அதை ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார். இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து நின்று, இருட்டில் கடைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு மனிதர் அடித்த எழுத்தை, அவருக்குப் பிறகு முதன்முதலாக நான் படித்திருக்கிறேன்.

அந்தப் பூட்டுக்கு எழுத்தைப் பாதுகாக்கும் வலிமை கிடையாது. எழுதியவர் வேறொரு மென்பொருளுக்குப் போய்விடாமல் கட்டிப்போடுவதைத் தவிர அதற்கு வேறு பயன் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனித் தமிழ். 128-க்கு மேற்பட்ட எண்கள் எந்த எழுத்துத் துண்டைக் குறிக்கின்றன? இங்கே எனக்குக் கைகொடுத்தது வாத்தியார் எழுதியது அகராதி என்பதுதான். ஒவ்வொரு தலைச்சொல்லையும் அவர் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். தடிப்பைத் தொடங்கும் குறி 2, முடிக்கும் குறி 3. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ளவற்றை மட்டும் பிரித்து வரிசையாக அச்சிட்டேன். அங்கங்கே சில இடம் மாறிக் கிடந்தாலும், முதல் ஃபிளாப்பியின் தலைச்சொற்கள் ஒரே எண்ணில் தொடங்கிக்கொண்டே வந்தன. அது ‘அ’. பிறகு வேறொரு எண் தொடர்ந்தது. அது ‘ஆ’. ‘இ’, ‘ஈ’ என்று அகராதி வரிசையே எனக்கு எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தது. லேபிளில் அவர் எழுதியிருந்தது வழி பிசகாமல் காத்தது.

‘க’ வரிசைக்கு வந்தபோது இன்னும் அழகான ஒன்று தெரிந்தது. கூ முடிந்த பிறகு தலைச்சொற்கள் புதிய எண் ஒன்றில் தொடங்கின. அடுத்து இன்னொரு எண், பிறகு மூன்றாவது எண், மறுபடி முதல் எண், மறுபடி இரண்டாவது. ‘ச’ வரிசையிலும் அதே ஐந்து படி. ‘த’ வரிசையிலும் அதே. கெ, கே, கை, கொ, கோ: ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு, ஒற்றை, இரட்டை! தட்டச்சுப் பொறியில் அடிப்பது போல, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைத்து எழுத்தைப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நான் மாற்றப்போகும் யூனிகோடில் க முதலில் வரும், கொம்பு பின்னால் வரும். என் மாற்றி அந்த இடத்தை மாற்றிப்போட வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

சொல்லின் முதலில் வராத எழுத்துக்களை அகராதி வரிசை காட்டாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவையும், செத்த ஃபிளாப்பியோடு போன ய, வ இரண்டும், புள்ளி வைத்த மெய்கள் பதினெட்டும் மிச்சம். அவற்றுக்கு நான் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த நன்னூல் வந்து நின்றது. எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரும் என்பதை மெய்ம்மயக்கம் என்ற பெயரில் நம் இலக்கணிகள் கணக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். எந்த நான்கு எண்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரே இனம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். நான்கும் அகப்பட்டன. ர், ழ் இரண்டும் தமக்குப் பின் தாமே வருவதில்லை. ல், ள் இரட்டிக்கும். இரட்டிக்காத இரண்டு எண்களைத் தனியே எடுத்து வைத்தேன். மிஞ்சியவற்றில் த-வுக்கு முன் அதிகம் வந்த எண் ந். ப-வுக்கு முன் அதிகம் வந்தது ம். க-வுக்கு முன் மட்டுமே வந்த ஓர் எண், வேறு எங்கும் தலைகாட்டாதது, ங்.

மாணவனாக இருந்தபோது இந்தச் சூத்திரங்களால் யாருக்கு என்ன பயன் என்று நினைத்தவன் நான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தமிழின் ஓசைக்கு எழுதி வைத்த விதி, ஒரு மென்பொருளாளர் போட்ட பூட்டைத் திறக்கும் சாவியாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பத்துப் பன்னிரண்டு இரவுகளில் சொற்கள் தெளிந்தன. பாளை, பன்னாடை, கலயம், காவோலை. ஆனால் வாக்கியங்கள் தெளியவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் விளக்கம் சொல்லின் நடுவே அறுந்து, சம்பந்தமில்லாத வேறொரு விளக்கத்தின் நடுவில் போய் விழும். அறுபடுவது எப்போதும் 512-ஆவது பைட்டில். அறுந்த இடத்தில் பொருந்தாத இரண்டு பைட்டுகள் கிடந்தன. தொகுதிகள் கலைந்து கிடக்கின்றன, அடுக்கும் முறை தெரியவில்லை. அகராதி வரிசையை வைத்து அடுக்கிப் பார்த்தேன். ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பக்கம் விளக்கம் இருந்த இடங்களில் அது உதவவில்லை. எங்கே எதை ஒட்டினாலும் சரியாகத்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அக்காவுக்குப் போன் செய்து, “அப்பா எதையாவது அச்செடுத்து வச்சிருந்தாரா?” என்று கேட்டேன். வீட்டில் எதுவும் இல்லை என்றார். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். “ஒரு தாத்தாகிட்ட அப்பா படிச்சுக் காட்டித் திருத்துவாங்க தம்பி. அவருகிட்ட இருந்தாலும் இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். செம்மண் தேரி, நடுவில் பனைகள், ஓலை வேய்ந்த வீடு. பெரியவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். மார்பிலும் முழங்கையிலும் மரம் உரசி உரசிக் காய்த்துப்போன தோல். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையோடு வந்தார். இருபுறமும் ஓட்டை வரிசை உள்ள டாட் மேட்ரிக்ஸ் தாள் ஒன்று, நான்காக மடித்தபடி.

“வாத்தியாரு வாசிச்சுக் காட்டினாரு. எல்லாம் நாஞ் சொன்னபடிதான் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு கேட்டு வாங்கி வச்சேன்” என்றார்.

அந்தத் தாளில் ‘கருக்குமட்டை’ என்ற சொல்லின் விளக்கம் இருந்தது. என் கோப்பில் ஏழாம் தொகுதி ‘கருக்கு’ என்பதோடு முடிந்து, எட்டாம் தொகுதி ‘லயம்’ என்று தொடங்கியது. ‘மட்டை’ என்று தொடங்கும் தொகுதியைத் தேடினேன். அது 23-ஆவதாகக் கிடந்தது. ஏழாம் தொகுதியின் தலையில் இருந்த பொருந்தாத இரண்டு பைட்டுகளைப் பார்த்தேன். ஹெக்ஸில் 42, 55. எக்ஸார் செய்தால் 17, 0. ஹெக்ஸ் 17 என்றால் நம் கணக்கில் 23.

ஒவ்வொரு தொகுதியும் தன் தலையில் அடுத்த தொகுதியின் எண்ணைச் சுமந்துகொண்டிருந்தது. வாத்தியார் நடுவில் ஒரு வரி சேர்க்கும்போதெல்லாம் மொத்தக் கோப்பையும் ஃபிளாப்பியில் திரும்ப எழுத நேரம் பிடிக்கும். அதனால் புதிதாகச் சேர்ந்ததைக் கடைசியில் எழுதிவிட்டு, சங்கிலியை மட்டும் மாற்றிக் கோத்திருக்கிறார்கள். சின்ன நினைவகமும் மெதுவான டிரைவும் இருந்த காலத்துக்கு அது நல்ல வேலைப்பாடு. எழுதிய நிரலாளர்மேல் எனக்கு மதிப்புத்தான் வந்தது. அந்த வேலைப்பாட்டை ஒரு தாளில் விளக்கி, மென்பொருளோடு கொடுத்திருந்தால் போதும். நான்கு மாதம் நான்கு மணி நேரமாகியிருக்கும்.

சங்கிலி தெரிந்ததும் பழுதான ‘ப, பா’ ஃபிளாப்பியும் வழிக்கு வந்தது. படிக்க முடியாமல் போனவை இரண்டு தொகுதிகள்தான். அவற்றுக்கு அடுத்து வரவேண்டியவற்றை வேறு எந்தத் தொகுதியும் சுட்டாது. அப்படி யாரும் சுட்டாத தொகுதிகளைத் தேடி எடுத்து, அறுந்த சங்கிலியை அங்கங்கே ஒட்டினேன். ஆயிரம் பைட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் இழந்தோம்.

அதன்பின் யூனிகோடுக்கு மாற்றினேன். முடிந்துவிட்டது என்று எண்ணி அக்காவை வரச்சொல்லி, பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்காட்டினேன். ‘ஈர்க்கு’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக ஒரு பேச்சு வாக்கியம் இருந்தது. “ஈர்க்குல வௌக்குமாறு கட்டுவா” என்று படித்தேன்.

“வௌ இல்ல தம்பி, வெளக்குமாறு” என்றார் அக்கா.

தவறு என் மாற்றியில் இருந்தது. பழைய குறிமுறைகள் பலவற்றில் ‘ஔ’கார எழுத்துக்குத் தனித் துண்டு கிடையாது. ஒற்றைக்கொம்பு, மெய், பக்கத்தில் ஒரு ‘ள’. கௌதாரி என்று எழுத கொம்பு, க, ள என்று அடிக்க வேண்டும். ஆகவே ‘கெள’ என்று வரும் இடமெல்லாம் ‘கௌ’ என்று மாற்றும்படி நிரலில் எழுதியிருந்தேன். எழுத்துத் தமிழில் அந்த விதி அநேகமாகப் பிசகாது. பேச்சுத் தமிழில் பிசகும். விளக்கு வெளக்காகும், விளைஞ்சது வெளஞ்சதாகும் மண்ணில், என் விதி அந்த மண்ணின் ஓசையையே அழித்துக்கொண்டிருந்தது. வாத்தியார் இருபது வருடம் காதால் கேட்டு எழுதியதை நான் ஒரு வரி நிரலில் திருத்திவிட்டேன்.

தேரிக்காட்டுக் கௌதாரியும் அகராதியில் இருந்ததால் விதியை எடுத்துவிடவும் முடியவில்லை. அந்த இடங்கள் அறுபதுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றையும் படித்துக்காட்டி, பெரியவரும் அக்காவும் சொன்னபடி கையால் திருத்தினேன். கோப்பின் வடிவத்தைக் கணிதத்தால் உடைக்கலாம். உடைத்தது சரியா என்று சொல்ல அந்த மொழியைப் பேசும் ஒரு காது வேண்டும். அன்று திண்ணையில் கற்றதை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நான் மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் தொகுதியில் தனியாக ஓர் எண் இருந்தது. அது, கழித்துப்போட்ட தொகுதிகளின் சங்கிலிக்குத் தொடக்கம். வாத்தியார் அழித்த பகுதிகள் உண்மையில் அழியாமல் அங்கே கிடந்தன. படித்தேன். பனையேறிகளை மற்றவர்கள் இழிவாகச் சொன்ன வசைச் சொற்கள் சிலவற்றை முதலில் பதிவு செய்து, பிறகு நீக்கியிருக்கிறார். அகராதி என்றால் எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. அக்காவிடம் கேட்டேன். “அப்பா வேண்டாம்னு எடுத்தது. எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்” என்றார். அவை அகராதியில் சேரவில்லை. எழுதியவர் கைவிட்டதையும் கோப்பு அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் என்பதை, இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். பூட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே போடும் உரிமை வந்துவிடாது.

இப்படிப் பூட்டைத் திறப்பது திருட்டு இல்லையா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். எனக்கும் தொடக்கத்தில் அந்தத் தயக்கம் இருந்தது. வக்கீல் நண்பர் ஒருவர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அதன் 52-ஆம் பிரிவில் 1999-இல் சேர்த்த திருத்தப்படி, ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், தனியாக எழுதப்பட்ட வேறொரு நிரல் அதனோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, ஆராய்ந்து தெரிந்துகொள்ளலாம். அக்காவிடம் மூல டிஸ்க்கும் பில்லும் இருந்தன. நான் அந்த மென்பொருளைப் பிரதி எடுக்கவில்லை, விற்கவில்லை. வாத்தியாரின் சொற்களை வாத்தியாரின் மகளுக்கு மீட்டுக்கொடுத்தேன்.

பெரிய உலகத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. விண்டோஸ் கணினிகளோடு மற்றவை கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பாவை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிஜெல் 1992-இல் தொடங்கியபோது, கம்பியில் ஓடும் பைட்டுகளைக் கவனித்துக் கவனித்தே அதன் மொழியைக் கற்றார். மைக்ரோசாஃப்டின் பழைய வேர்டு கோப்பு வடிவத்தைப் பலர் பல ஆண்டுகள் இப்படித்தான் துப்பறிந்து படித்தார்கள். 2008-இல் அந்த நிறுவனமே அதன் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஓப்பன் டாக்குமெண்ட் என்ற திறந்த வடிவம் ஐ.எஸ்.ஓ. தரமாகியிருந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. நிலைமை இன்று எவ்வளவோ மேல்.

ஆனாலும் எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவு வராமல் இல்லை. ஓலைச் சுவடியில் புள்ளி இருக்காது. குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். அவற்றையெல்லாம் பொருளறிந்து பிரித்துத்தான் அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் முன் இருந்த இருட்டு காலம் செய்தது. ஏட்டில் எழுதியவர் யாரும், பின்னால் வருகிறவன் படிக்கக் கூடாது என்று எழுதவில்லை. பனையோலை முந்நூறு வருடம் தாங்கியது. பனையைப் பற்றி ஃபிளாப்பியில் எழுதியது பத்து வருடத்தில் பூட்டிக்கொண்டது. இந்தப் பூட்டை மனிதர்கள் தெரிந்தே போட்டார்கள்.

எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். அது எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் அந்தச் சொந்தத்தில் அடங்கும். மென்பொருள் விற்பவர் மென்பொருளுக்கு விலை கேட்கலாம். வாங்கியவரின் சொற்களைப் பிணையாக வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

‘ய, வ’ ஃபிளாப்பியை நான் எவ்வளவோ முயன்றும் படிக்க முடியவில்லை. வடலி, விடிலி தொடங்கி அந்த இரண்டு எழுத்தின் சொற்களை அக்கா மறுபடி போய்ப் பெரியவரிடம் கேட்டு எழுதினார். அப்பா சேர்த்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும், உங்கள் அச்சகத்திலும், பழைய சிற்றிதழ் அலுவலகத்திலும் இப்படி ஒரு மஞ்சள் பை இருக்கலாம். இன்றே எடுங்கள். ஃபிளாப்பியோ சீடியோ, முதலில் முழுப் பிம்பமாக நகலெடுங்கள். யூனிகோடில், எந்த மென்பொருளும் திறக்கும் வெற்று உரைக் கோப்பாக மாற்றி, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். எந்தத் தமிழ் மென்பொருளில், எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். ஒரே ஒரு பக்கத்தையாவது தாளில் அச்சிட்டு, அதை மதிக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வாத்தியாரின் அகராதி இன்று இருப்பதற்கு, ஒரு பனையேறி ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த அந்த ஒரு தாள்தான் காரணம்.